ஃபோர்ட்ரான் தெரிந்த ஆள்

எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தபோது வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் கடைசியாகச் சம்பளம் வாங்கியது என் இரண்டாவது மகள் பிறப்பதற்கு முன்பு. கிண்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கொதிகலன்களுக்கு வெப்பக் கணக்குப் போடும் வேலை. அங்கே எல்லாக் கணக்கும் ஃபோர்ட்ரான் என்கிற கணினி மொழியில்தான் நடக்கும். அதை விட்டபிறகு மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் கணக்கு எதையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பதில்லை, எழுதித் திருத்திக் கொடுப்பதோடு சரி என்கிற எண்ணம் எப்போதாவது வரும்.

பழைய நிறுவனத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த தோழி ஒருநாள் போன் செய்தாள்.

"சேலையூர்ல ஒரு ஆபீஸ்ல ஃபோர்ட்ரான் தெரிஞ்ச ஆள் தேடிட்டிருக்காங்க. மூணு மாசமா கிடைக்கலையாம். உனக்கு ஞாபகம் இருக்கா?"

"சைக்கிள் ஓட்டறது மறக்குமா?" என்றேன்.

என் கணவர் வங்கியில் இருக்கிறார். அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மென்பொருளை மாற்றுவார்கள். மாற்றும்போதெல்லாம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"அது இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்காம எங்க போகும்?"

"இல்ல, நாம காலேஜ் படிக்கிறப்பவே அதைப் பழசுன்னு சொல்லிட்டிருந்தாங்களே."

"சொல்லிட்டுதான் இருக்காங்க. இன்னும் ஓடிட்டுதான் இருக்கு."

அவர் சிரித்துவிட்டு, போய்த்தான் பாரேன் என்றார்.

ஆபீஸ் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. நடத்துபவர் என்னைவிடச் சில வயது மூத்த பெண்மணி, சிவில் இன்ஜினியர். ஏரிகள், கால்வாய்கள், மழைநீர் வடிகால்கள் சம்பந்தமாக ஆலோசனை சொல்லும் சிறிய நிறுவனம். எங்கள் பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. மேலே இருக்கிற ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாகக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கால்வாய் இருந்த இடங்களில் இப்போது தெருக்கள் இருக்கின்றன. அதனால் இவ்வளவு மழை பெய்தால் எந்த ஏரி எப்போது வழியும், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அந்த ஆபீஸின் முக்கிய வேலை. அதைச் சொல்கிற கணினி நிரல் பல வருடங்களுக்கு முன் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார்.

மேடம் என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. இடையில் இத்தனை வருடம் என்ன செய்தேன் என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தாளை நீட்டினார். அந்த நிரலின் ஒரு பக்கம்.

"படிச்சுப் பாருங்க. கால்வாய்ல தண்ணி எவ்ளோ வேகமா போகும்னு போடற கணக்கு. இதுல கால்வாயோட சொரசொரப்புக்கு RN-னு பேர் வச்சிருக்காங்க. புஸ்தகத்துல எல்லாம் அதுக்கு N-னுதான் பேர். இங்க மட்டும் ஏன் RN?"

தாளைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இளகியது. எத்தனையோ நாள் கழித்துப் பழகிய கையெழுத்தைப் பார்ப்பது போல இருந்தது.

"N-னு வச்சா அது முழு எண் ஆயிடும் மேடம். இந்த பாஷைல I-லேர்ந்து N வரைக்கும் எந்த எழுத்துல பேர் ஆரம்பிச்சாலும், நாம வேற மாதிரி சொல்லாட்டி, முழு எண்ணுன்னுதான் எடுத்துக்கும். சொரசொரப்பு புள்ளி பூஜ்யம் மூணு மாதிரி சின்ன எண். முழு எண்ணா மாத்தினா வெறும் பூஜ்யம். அதால வகுக்கப் போனா கணக்கே நின்னுடும். அதுக்குத்தான் முன்னாடி ஒரு R போட்டிருக்காங்க."

அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் அச்சுப்பிழைன்னு சொன்னாங்க. திங்கக்கிழமை வந்துடறீங்களா?"

திங்கட்கிழமை போனபோது என் பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். முப்பதைத் தாண்டியவர், கணினி படித்தவர். அவர் அப்பாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் இரும்புச் சாமான் கடை. கடைக்குப் போகாமல் இந்தப் பக்கம் வந்தவர். எனக்கு அரை வருடம் முன்பு சேர்ந்திருந்தார். அந்தப் பழைய நிரல் முழுவதையும் இன்றைக்குப் பலரும் எழுதுகிற பைத்தான் மொழியில் புதிதாக எழுதுவது அவர் வேலை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராகவே சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்திருக்கறது பழசைக் கொஞ்ச நாளைக்கு ஓட்டறதுக்குத்தான். அதுக்குள்ள என்னுது ரெடியாயிடும்."

"ஆகட்டும். ஆனதும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பார்ப்போம்."

"நீங்க கோவப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"கணக்குல கோவத்துக்கு என்ன வேலை?"

உண்மையிலேயே எனக்குக் கோபம் இல்லை. நான் அந்த மொழியோடு எட்டு வருடம் வேலை செய்தவள். அதற்குக் கதை சொல்லத் தெரியாது, படம் காட்டத் தெரியாது, இணையதளம் கட்டத் தெரியாது. எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு வேகமாகவும் சரியாகவும் கூட்டிப் பெருக்கத் தெரியும். எங்களுக்குத் தேவை அது மட்டும்தான். தாளில் எழுதுகிற சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே தட்டினால் அது புரிந்துகொள்ளும். எனக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கை பழைய பாசத்தால் வந்ததில்லை, பழகிப் பார்த்ததால் வந்தது.

முதல் வாரத்திலேயே அது தன்னைக் காட்டிக்கொண்டது. பழைய கணினியிலிருந்து நிரலை எடுத்துப் புது மடிக்கணினியில் போட்டு, இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கிற கம்பைலரில், அதாவது நிரலைக் கணினிக்குப் புரிகிறபடி மாற்றித் தருகிற மொழிமாற்றியில், ஓட்டினேன். ஏதேதோ பிழை வரும், ஒரு வாரம் உட்கார வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. பிழை ஒன்றுகூட இல்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவ்ளோதானா? நான் போன வருஷம் எழுதினது இந்த வருஷம் ஓட மாட்டேங்குது. அதுல நான் எடுத்துப் போட்டிருந்த ஏதோ ஒரு நிரல் நூலகத்தை மாத்திட்டாங்க. இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது, அப்படியே ஓடுது."

"அதை மாத்தறவங்க பழசு ஒடையக்கூடாதுன்னு ரொம்பக் கவனமா இருப்பாங்க," என்றேன்.

மழைக்காலம் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. அவருடைய நிரலும் ஒருவழியாகத் தயாரானது. மேடம் முந்தைய வடகிழக்குப் பருவமழையின் பதிவை எங்கள் இருவரிடமும் கொடுத்தார். கூடவே ஏரிகளில் அப்போது அளந்த நீர்மட்டம். யாருடைய கணக்கு அளந்ததோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம் என்றார். பந்தயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பந்தயம்தான்.

பலத்த மழை பெய்த நாட்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடையைச் சொல்லின. பிறகு பக்கத்து மேசைக்காரர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க மேடம். இந்த நாலஞ்சு நாள் விடாம தூறிட்டே இருந்திருக்கு. பெரிய மழை இல்ல, வெறும் தூறல். என் ஏரி கொஞ்சம் ஏறியிருக்கு. அளந்ததும் ஏறியிருக்கு. உங்க ஏரி அப்படியே கல்லு மாதிரி நிக்குது."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகப் போனது.

"பாத்து சொல்றேன்," என்றேன். மேடம் தன் அறையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். சூத்திரம் தப்பா? இல்லை, பலத்த மழையில் சரியாக வருகிறதே. தூறலைப் படிக்கவே இல்லையா? படித்திருக்கிறது, நான் பார்த்தேன். அப்படியானால் படித்த தண்ணீர் எங்கே போகிறது? வழியில் ஓர் ஏரி வந்தது. ஆகாயத்தாமரைக்கு நடுவில் தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு போனேன். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது அடுத்த நாள் என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

காலையில் போனதும் சின்னதாக ஒரு சோதனை எழுதினேன். ஏரியைக் காலியாக வைத்துக்கொண்டு அதே தூறலை விட்டேன். மட்டம் ஒழுங்காக ஏறியது. அதே ஏரியை முக்கால்வாசி நிரப்பிவிட்டு அதே தூறலை விட்டேன். மட்டம் அசையவில்லை. அப்போதே புரிந்துவிட்டது.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இந்த நிரல் ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் ஞாபகம் வச்சுக்குது. ஏரில தண்ணி நெறைய இருக்கறப்போ அந்த ஏழு இலக்கமும் அந்தப் பெரிய எண்ணுக்கே செலவாயிடுது. ஒவ்வொரு விநாடிக்கும் தூறல்ல விழற தண்ணி அதோட கடைசி இலக்கத்தை விடச் சின்னது. கூட்டினாலும் பழைய எண்ணே திரும்ப வருது. இப்படி ஒவ்வொரு விநாடியும் தூறலைத் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கு. பலமா பெய்யறப்போ விழற எண் பெருசு, அதனால தெரியல."

அவர் தன் திரையில் இருந்த கோட்டை இன்னொரு முறை பார்த்தார்.

"பைத்தான்ல தானாவே பதினஞ்சு பதினாறு இலக்கம் இருக்கு. அதனாலதான் என்னுதுல வரல."

"ஆமா."

"அப்ப இந்த பாஷைல முடியாதா?"

"ஏன் முடியாது? இரட்டைத் துல்லியம்னு சொன்னா இதுவும் அவ்ளோ இலக்கம் வச்சுக்கும். எப்பவோலேர்ந்து இருக்கு. எழுதினவங்க காலத்துல மெமரி தங்கம் மாதிரி. மிச்சம் புடிக்க சின்னதா வச்சிருக்காங்க. அன்னிக்கு அவங்க ஒரே ஒரு ஏரிக்கு, ஒரு பெரிய மழைக்குப் போட்டாங்க. அதுக்கு இது போதும்."

ஒரே வரியில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், அப்படி இல்லை. அந்த எண்கள் பல துணை நிரல்களுக்கு இடையே பொதுவாக இருந்தன. ஓர் இடத்தில் மாற்றி இன்னோர் இடத்தில் விட்டால் எல்லாம் குப்பையாகிவிடும். ஒவ்வோர் இடமாகத் தேடி மாற்ற இரண்டு நாட்களுக்கு மேல் ஆனது. அவரும் கூட உட்கார்ந்து தேடினார். நான் விட்ட இரண்டு இடங்களை அவர்தான் கண்டுபிடித்தார். மறுபடி ஓட்டியபோது தூறல் நாட்களில் என் கோடும் அவர் கோடும் அளந்த புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

மேடம் அறையிலிருந்து வந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது. சரி, எதை வச்சுக்கறது?"

அதற்கு விடை கடிகாரத்தில் இருந்தது. என்னுடையது ஒரு மழைக்காலம் முழுவதையும் கணக்கிட்டு முடிக்கும்போது கையில் இருக்கிற டீ இன்னும் சூடாக இருக்கும். பக்கத்து மேசைக்காரருடையது காலையில் தொடங்கினால் அவர் மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டு முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். வானிலைக் கணிப்பு சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு முறையும் மழை குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்று பல தடவை ஓட்ட வேண்டும். அரை நாள் எடுத்துக்கொள்கிற கணக்கு தண்ணீர் வந்து போனபிறகுதான் விடை சொல்லும்.

அவர் விடவில்லை. வேகப்படுத்துகிறேன் என்று இறங்கினார். எங்கே நேரம் போகிறது என்று ஒவ்வொரு வரியாகத் தோண்டிக்கொண்டே போனார். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என்னை அழைத்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"மேடம், இதைப் பாருங்க. என் நிரல்லயே வேகமா ஓடற ஒரே எடம் சமன்பாடுகளைத் தீர்க்கற எடம். அங்க நான் பைத்தான்ல ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கேன். அது ஒரு நூலகத்தைக் கூப்பிடுது. அது இன்னொண்ணைக் கூப்பிடுது. எங்கதான் போய் முடியுதுன்னு பின்னாடியே போனேன். இங்க வந்து நிக்குது."

திரையில் பெரிய எழுத்துகளில் SUBROUTINE என்று தொடங்கும் ஒரு பக்கம். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஃபோர்ட்ரான்," என்றேன்.

"அப்ப நான் இவ்ளோ நாளா உங்க பாஷைலதான் கணக்குப் போட்டுட்டிருந்தேனா?"

"கீழ் வீட்டுல யார் குடியிருக்காங்கன்னு இப்பதான் பார்த்தீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பிறகு எங்களுக்குள் உன்னுது என்னுது என்ற பேச்சு குறைந்தது. அன்றைக்கே மேடத்திடம் போய் ஒன்று சொன்னோம். உள்ளே கணக்கைப் பழைய நிரலே போடட்டும். வெளியே மழைப்பதிவை வாங்குவது, வரைபடம் போடுவது, தெரு வாரியாகச் சொல்வது எல்லாம் பைத்தானில் இருக்கட்டும். இரண்டையும் இணைத்துவிடுகிறோம். மேடம் "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். முதலிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு.

இணைத்ததும் புதிதாக ஒரு சிக்கல். விடை சரியாக வந்தது, ஆனால் பழைய நிரலின் வேகம் காணாமல் போயிருந்தது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரு பெரிய அட்டவணையில் வைத்திருந்தார். பைத்தானில் அந்த அட்டவணை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரிசையாக நினைவகத்தில் உட்காரும். ஃபோர்ட்ரானில் மேலிருந்து கீழாக உட்காரும். தபால்காரர் தெரு தெருவாகப் போகிறவர் என்றால் கடிதங்களையும் தெரு தெருவாக அடுக்கித் தர வேண்டும். மாற்றி அடுக்கித் தந்தால் அவர் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கலைத்து அடுக்கிவிட்டுத்தான் கிளம்புவார். எங்கள் நிரலில் ஒவ்வொரு விநாடிக் கணக்குக்கும் அட்டவணை முழுவதும் அப்படி நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஆரம்பத்துலயே மேலிருந்து கீழா அடுக்கி வச்சிடலாம். பைத்தான்ல அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கு அக்கா. ஒரு வார்த்தை சேர்த்தா போதும்."

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. சேர்த்தார். வேகம் திரும்பி வந்தது.

அந்த வருடம் மழை தாமதமாகத் தொடங்கியது. தொடங்கியதும் சேர்த்துவைத்துப் பெய்தது. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் ஒன்று கரைக்கு அருகே வந்து நகராமல் நின்றது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நாங்கள் மூவரும் விடிந்ததும் ஆபீசுக்கு வந்துவிட்டோம். கேம்ப் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, மருந்துக் கடைக்காரர் மட்டும் கடையைத் திறந்திருந்தார்.

பெருங்களத்தூர்ப் பக்கம் தாழ்வான ஒரு குடியிருப்புக்கு நாங்கள் முன்பே தெருமட்டம் அளந்து கொடுத்திருந்தோம். அதன் நலச்சங்கத்துக்குச் செயலாளர் ஓர் அம்மா. சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர், தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் மேடத்தைக் கூப்பிட்டார். மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டு, ஏரிகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரிகளிடம் பேசத் தன் அறைக்குப் போனார்.

"மேடம், இங்க மழை வுடாம ஊத்திகினு கீது. ஜனங்க எல்லாம் என்னைத்தான் கேக்கறாங்க. தண்ணி வருமா வராதா, அத்த மட்டும் சொல்லுங்க."

"பத்து நிமிஷம் குடுங்கம்மா," என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் புதுக் கணிப்பை ஏற்றினார். குறைந்த மழை, நடுத்தர மழை, கூடுதல் மழை என்று பல விதமாக ஓட்டினோம். டீ கொண்டுவரக்கூட ஆளில்லாத நாள் அது. இருந்திருந்தாலும் குடிக்க நேரம் இருந்திருக்காது, அவ்வளவு வேகமாக விடைகள் வந்தன. நான் போன் செய்தேன்.

"மேல இருக்கற ஏரி மத்தியானத்துக்கு முன்னாடி வழிய ஆரம்பிக்கும். முதல் தெரு, ரெண்டாவது தெரு ரெண்டுலயும் முழங்கால் அளவுக்குத் தண்ணி நிக்கும். மூணாவது தெருல பாதி வரைக்கும் வரும். கீழ் வீட்டுல இருக்கறவங்களை இப்பவே மாடிக்கு மாத்திடுங்க."

"நாலாவது தெருவு? அங்கதான் வயசானவங்க ஜாஸ்தி. ரெண்டு பேரு படுத்த படுக்கையா கீறாங்க. அவங்கள இந்த மழைல தூக்கினு போறதுன்னா ரொம்ப பேஜாரு."

திரையைப் பார்த்தேன். கூடுதல் மழைக்கான கணக்கிலும் நான்காவது தெரு காய்ந்துதான் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அந்த எண்களை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். இத்தனை வருடம் நான் போட்ட கணக்குகள் கொதிகலனைப் பற்றியவை, பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பற்றியவை. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்குவதா விடுவதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

"நாலாவது தெருவுக்கு வராது. அவங்களை அசைக்க வேண்டாம். மழை மாறினா கணக்கு மாறும், அப்ப நானே கூப்பிடறேன். நீங்க போனை மட்டும் பக்கத்துல வச்சுக்கோங்க."

"நீங்க சொன்னா போதும் மேடம்," என்று வைத்துவிட்டார்.

அந்தக் குடியிருப்புக்காரர்கள் வண்டிகளை எல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதல் மூன்று தெருக்களில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடிக்குப் போனார்கள். நாங்கள் புதுக் கணிப்பு வரும்போதெல்லாம் மறுபடி ஓட்டிக்கொண்டே இருந்தோம். மேல் ஏரி நாங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வழிந்தது. அதைக் கேட்டதும் பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்த நேரத்தை ஏற்றி மறுபடி ஓட்டினேன். நான்காவது தெருவுக்கான விடை மாறவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு செயலாளர் அம்மா ஒரு படம் அனுப்பினார். பழுப்புத் தண்ணீர், ஒரு இரும்புக் கேட், அதன் அடிக்கம்பியைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். உடனே போனும் வந்தது.

"மேடம், மூணாவது தெருவு முழுக்க வந்துட்ச்சு. பாதின்னு சொன்னீங்க. இப்ப நாலாவது தெருவு மொனைல வந்து நிக்கிது. இன்னா பண்ணட்டும்? தூக்கிடவா?"

அவர் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. மூன்றாவது தெரு பாதி வரை என்று நான் சொன்னது தப்பாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரரின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி ஒரு மணி நேர மழையை ஏற்றி ஓட்டினோம். அந்த வேகம் இல்லாவிட்டால் அப்போது என் கையில் காலை நேரத்துக் கணக்குதான் இருந்திருக்கும். அதை நம்பிச் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது.

"தூக்க வேண்டாம்மா. மேல் ஏரிலேர்ந்து வரது இப்ப குறைய ஆரம்பிச்சாச்சு. கீழ் ஏரில இன்னும் எடம் இருக்கு. மொனைல இருக்கற தண்ணி இன்னும் ஒரு விரக்கடை ஏறலாம். வீட்டுக்குள்ள வராது. கேட்டுல ஒரு கோடு போட்டு வச்சு பாத்துக்கிட்டே இருங்க."

அவர் சாக்பீஸால் கோடு போட்டார் என்று பிறகு தெரிந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேல் கொஞ்சம் ஏறியது, நின்றது, சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்கியது. கடைசியாக ஒரு குரல்பதிவு அனுப்பினார். "எறங்குது மேடம். படுத்துகினு கீறவங்க நல்லா தூங்கறாங்க." மேடம் அதைக் கேட்டுவிட்டுக் கீழே போய் எங்கள் மூவருக்கும் பிஸ்கெட் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரை நாங்கள் எதுவும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது தெருவில் ஏன் பிசகினோம் என்று தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். நாங்கள் அளந்தபிறகு யாரோ அங்கே தெருவை உயர்த்திப் போட்டு வடிகாலின் வாயைப் பாதி மூடியிருந்தார்கள். நிரலுக்கு அது தெரிய வழியில்லை. நாங்கள்தான் அளந்து சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மறுபடி அளக்கிறோம்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு கூட்டத்துக்குப் போனோம். எங்கள் கணக்கை இன்னும் சில ஏரிகளுக்கு நீட்டுவதைப் பற்றிப் பேச. அங்கே இருந்த ஓர் அதிகாரி எங்கள் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இந்தக் காலத்துல போய் ஃபோர்ட்ரானா? நவீனமா எதுலயாவது எழுதக்கூடாதா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து மேசைக்காரர் தொடங்கிவிட்டார்.

"சார், நான் எழுதிப் பார்த்தேன். அரை வருஷத்துக்கு மேல எழுதினேன். விடை ஒண்ணுதான், ஆனா நேரத்துக்கு வராது. நேரத்துக்கு வரணும்னு கீழ எறங்கிப் போனா அங்கயும் இதே பாஷைதான் ஓடிட்டிருக்கு. நீங்க டிவில பாக்கற வானிலைக் கணிப்பு இருக்கே, உலகம் பூரா அதுல பாதிக்கு மேல இதுலதான் போடறாங்க. பழசுன்னு யாரும் சும்மா வச்சுக்கல சார். வேலை செய்யுது, அதான் வச்சிருக்காங்க."

அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"அவர் சொன்னதுதான் சார்," என்றேன்.

டியூஷனை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் சிலருடைய பெற்றோருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. இப்போது எங்கள் கணக்கு, இந்த ஏரிகளின் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற சதுப்பு நிலம் வரை போகிறது. மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீரையும் சேர்க்க வேண்டும் என்று மேடம் சொன்னபோது அந்தப் பகுதியைப் பைத்தானில் எழுதலாமா என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டேன். வேண்டாம், நானே ஃபோர்ட்ரானில் எழுதுகிறேன் என்றார். இன்றைய ஃபோர்ட்ரானில், சின்ன எழுத்துகளில், இடைவெளி விட்டு அழகாக எழுதியிருக்கிறார். என் கண்ணுக்கு அது வேறு ஏதோ மொழி போலத் தெரிகிறது. நான் இன்னும் பெரிய எழுத்துகளில்தான் தட்டுகிறேன். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் அது எந்தப் புகாரும் இல்லாமல் ஓடுகிறது. நேற்று மண்ணில் ஊறுகிற வேகத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். அவர் எடுத்துக்கொண்ட எண் மணல் பாங்கான நிலத்துக்கு, மாடம்பாக்கத்தில் களிமண் என்று நான் சொல்கிறேன். நாளைக்கு இருவரும் போய் மண் எடுத்து வந்து பார்க்கப் போகிறோம்.